ஈரல் பொய் சொல்லாது

ஜனவரி 30

இந்த டைரி எங்கள் மது ஒழிப்பு மன்றம் ஆண்டுதோறும் அச்சடித்து விற்பது. ஆண்டுதோறும் விற்காமல் என் பட்டறையில் கிடப்பது. செயலாளர் என்ற முறையில் ஒன்றையாவது பயன்படுத்துவோம் என்று எழுதுகிறேன். பெயர் சென்னியப்பன். உடுமலைப்பேட்டையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். வயது ஐம்பத்தாறு. இதுவரை ஒரு சொட்டு குடித்ததில்லை.

இன்று காந்தி நினைவு நாள். மன்றத்தின் ரத்ததான முகாம். முப்பத்தொன்பது பேர் கொடுத்தார்கள். எங்கள் தலைவர், அரிசி மில் குழந்தைவேலு, நாற்பது என்றால் பத்திரிகையில் போட எடுப்பாக இருக்கும் என்றார். மற்ற வருடங்களில் நான் மைக் பிடிப்பதோடு சரி. இந்த வருடம் மைக்கை வைத்துவிட்டுக் கட்டிலில் படுத்தேன். ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் மாம்பழ ஜூஸும் கொடுத்தார்கள். பத்திரிகைக்காரர் வரவில்லை.

பிப்ரவரி 7

ரத்த வங்கியிலிருந்து போன். போனில் சொல்ல மாட்டார்களாம், நேரில் வரவேண்டுமாம். போனேன். ஒரு சின்ன அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். கதவைச் சாத்திச் சொல்லும் செய்தி நல்ல செய்தியாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஹெபடைட்டிஸ் சி என்ற கிருமி என் ரத்தத்தில் இருக்கிறதாம். ஈரலை அரிக்கும் கிருமி. பல வருடம் சத்தமில்லாமல் உள்ளே இருக்குமாம். முன்பு எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா என்று கேட்டார்கள். கல்யாணமாகி நான்கைந்து வருடத்தில் தாராபுரம் ரோட்டில் லாரி இடித்துத் தொடை முறிந்தது. அப்போது மூன்று பாட்டில் ஏற்றினார்கள். அந்தக் காலத்தில் ரத்தத்தில் இந்தக் கிருமியைத் தேடும் வழக்கம் கிடையாதாம். ஆக இருபத்தைந்து வருடமாக வாடகை கொடுக்காமல் குடியிருந்திருக்கிறது.

நான் கொடுத்த ரத்தத்தைக் கொட்டிவிட்டார்கள். கணக்குப்படி முப்பத்தொன்பதுதான்.

பிப்ரவரி 8

மனைவி துளசிமணியிடம் சொன்னேன். "கிருமின்னா மருந்து இருக்குமில்லீங்?" என்றாள். இருக்கிறது, தினம் ஒரு மாத்திரை, மூன்று மாதம், பெரும்பாலும் அடியோடு போய்விடும் என்றேன். "அப்பறமென்னங்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். ஒரே அரிசியை நாலைந்து தண்ணீர் மாற்றி மாற்றிக் களைந்தாள்.

பிப்ரவரி 11

துளசிமணிக்கும் ரத்தம் பார்த்தோம். கிருமி இல்லை. வரும் வழியில் அரை கிலோ மைசூர்பாகு வாங்கினேன்.

பிப்ரவரி 19

கோவை. ஈரல் டாக்டர் இளங்குமரன். சின்ன வயது, பெரிய அறை. உட்கார்ந்ததும் முதல் கேள்வி.

"குடிப்பீங்களா?"

"இல்லீங்க."

"எப்பவாவது? கல்யாணம், நோம்பி, அந்த மாதிரி?"

"நான் மது ஒழிப்பு மன்றத்துச் செயலாளருங்க."

"சரிங்க சார். எவ்வளவு குடிப்பீங்க?"

துளசிமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருமல் என்று நினைக்கிறேன்.

ஸ்கேனில் ஈரல் சொரசொரப்பாகத் தெரிகிறதாம். கிருமி மட்டும்தானா, வேறு சேதாரமும் உண்டா என்று பார்க்க ஊசி விட்டுச் சின்னத் துண்டு எடுக்க வேண்டுமாம். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இப்போதெல்லாம் இது தேவைப்படுவதில்லை, உங்களுக்குத் தேவைப்படுகிறது என்றார். பெருமையாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 27

துண்டு எடுத்தார்கள். மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன். விலா எலும்புக்கு நடுவில் சுருக்கென்றது. பயந்த அளவுக்கு இல்லை. பயப்படவில்லை என்றும் சொல்லலாம். பாட்டிலில் போட்டுக் காட்டினார்கள். வேகாத சேமியா ஒன்று மிதந்தது. இதற்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம்.

மார்ச் 3

மடத்துக்குளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசினேன். வழக்கம்போல நல்ல ஈரல், குடிகாரன் ஈரல் இரண்டு படத்தையும் மாட்டி, வழக்கமான வசனத்தோடு முடித்தேன்: "நாக்குப் பொய் சொல்லும், ஈரல் பொய் சொல்லாது." பிள்ளைகள் கை தட்டினார்கள். இந்த முறை உட்கார்ந்து பேசினேன். நாற்காலி இருந்தது, அதனால்.

மார்ச் 8

கோவை. ரிசல்ட். டாக்டர் இரண்டு முறை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வைரஸ் இருக்கு சார், அதுல சந்தேகமில்லை. ஆனா துண்டுல குடிச்ச அடையாளமும் இருக்கு."

ஈரல் செல்லுக்குள்ளே கட்டி கட்டியாக ஒரு பொருள் தேங்கியிருக்கிறதாம். மல்லோரி என்று பெயர். நூறு வருடத்துக்கு முன்னால் அதைக் கண்டுபிடித்தவர் பெயராம். குடிகாரர்களின் ஈரலில் பார்த்துத்தான் கண்டுபிடித்தாராம். பரிசோதனைக்கூடத்தில் "மது காரணமாக இருக்கலாம், விசாரிக்கவும்" என்று எழுதியனுப்பியிருந்தார்கள். டாக்டர் விசாரித்தார். நான் இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். நான் எத்தனையோ பேரிடம் அதே மாதிரி தலையை ஆட்டியிருக்கிறேன்.

"முதல்ல குடியை நிறுத்துங்க சார். நிறுத்தினதை வீட்டம்மா வந்து சொல்லட்டும், அன்னைக்கே மாத்திரை எழுதறேன். குடிச்சுக்கிட்டே சாப்பிட்டா பிரயோஜனமில்லை. ஆனா தள்ளிப் போடாதீங்க. ஈரல்ல முக்கால்வாசி தழும்பாயிருச்சு. முழுசும் தழும்பாயிட்டா மாத்திரை கிருமியைக் கொல்லும், ஈரலைத் திருப்பிக் குடுக்காது."

துளசிமணி, "இனிமே குடிக்கமாட்டாருங்க டாக்டர்" என்றாள்.

நான், "இதுவரைக்கும் குடிச்சதே இல்லீங்க டாக்டர்" என்றேன்.

டாக்டர் பைலை மூடினார். "ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

பஸ்ஸில் துளசிமணி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பொள்ளாச்சியில், "சரின்னு தலையாட்டியிருந்தா மாத்திரை கையில இருந்திருக்கும்" என்றாள்.

"செய்யாத தப்பை ஒத்துக்கச் சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 9

எழுத ஒன்றுமில்லை. ஐந்து எச்.பி. மோட்டார் ஒன்று முடித்துக் கொடுத்தேன்.

மார்ச் 12

தலைவர் குழந்தைவேலு நான்கு இளநீரோடு வந்தார். கோவையில் டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர் இவருடைய சம்பந்தியின் தம்பியாம். டாக்டர் அறைக்குக் கதவு இருந்தது, போதவில்லை போலிருக்கிறது.

"நான் நம்பலீங் செயலாளரே. நம்புவனுங்களா? ஆனா கமிட்டில கேக்கறாங்க."

"என்னன்னுங்க கேக்கறாங்க?"

"ஈரல் பொய் சொல்லாதுன்னு சொன்னது நீங்கதானுங்களேன்னு கேக்கறாங்க."

கொஞ்ச நாளைக்கு ஓய்வெடுத்துக்கொள்ளச் சொன்னார். ஈரல் படம் இரண்டையும் வாங்கிக்கொண்டு போனார். இளநீர் நன்றாயிருந்தது.

மார்ச் 15

நாட்ராயன் வந்தான். துளசிமணியின் தம்பி. டிராக்டர் ஓட்டுவான், ஓட்டாத நேரத்தில் குடிப்பான். அமராவதி ஆற்றோரம் ஒரு கருப்பராயன் கோயில் இருக்கிறது. குடிக்கிறவர்கள் அங்கே சத்தியம் பண்ணிக் கையில் கருப்புக் கயிறு கட்டிக்கொண்டால் கயிறு இருக்கும்வரை தொடக்கூடாது, தொட்டால் சாமி கேட்கும். மன்றத்தின் சார்பில் நான் அங்கே அழைத்துப்போன ஆட்கள் ஒரு லாரிக்குக் காணும். நாட்ராயனை நான்கு தடவை அழைத்துப் போனேன். நான்கு தடவையும் அறுத்துவிட்டான்.

இன்றும் கொஞ்சம் வாசனையோடுதான் நின்றான்.

"மச்சான், ஊருல என்னென்னமோ பேசறாங்க. நீங்க குடிச்சதில்லீங். நான் எங்க வேணாலும் வந்து சொல்றனுங்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"குடிக்கறவன் சாயந்தரமானா கடியாரத்தைப் பாப்பானுங் மச்சான். என்ன வேலையில இருந்தாலும் பாப்பான். நீங்க பாத்து நான் பாத்ததில்லீங்."

உலகத்தில் என்னை நம்புகிற ஒரே ஆள். அவன் சொல்லுக்கு நயா பைசா மதிப்பில்லை. அதை அப்படி ஆக்கியதில் எனக்கும் பங்கு உண்டு, அவனை ஊர் ஊராக மேடையில் உதாரணம் காட்டியவன் நான்தான். சாப்பிட்டுப் போகச் சொன்னேன். சாப்பிட்டான்.

மார்ச் 18

மதியச் சோறு கொண்டுவந்த துளசிமணி, பட்டறையில் காயிலுக்கு அடிக்கிற வார்னிஷ் டின் ஒவ்வொன்றையும் திறந்து மோந்து பார்த்தாள்.

"எதுக்குங் இத்தனை டின்னு?"

"வார்னிஷ் வைக்க."

"வார்னிஷ்தானுங்களா?"

மூன்று பேர் மோட்டார் கொண்டுவந்து நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் கேட்டாள். ஒருவர் மோட்டாரை அப்புறம் கொண்டுவருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

மார்ச் 21

கோவைப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனேன். நான் சண்டைக்கு வந்திருப்பதாக நினைத்து ஒரு பையன் டீ வாங்கித் தந்தான். என் ஈரலைத் திருப்பித் தரவேண்டும், வேறிடத்தில் காட்டவேண்டும் என்றேன். அது உங்கள் உரிமை சார் என்று கண்ணாடித் தகடுகளையும் ஒரு மெழுகுக் கட்டியையும் எடுத்துக் கொடுத்தார்கள். அந்த மெழுகுக்குள்தான் சேமியா இருக்கிறது. மதுரையில் டாக்டர் மெஹருன்னிசா என்று ஒருவர் ஈரலை மட்டும் பார்ப்பவர், அவரிடம் போங்கள் என்று அங்கேயே சொன்னார்கள். வெயிலில் வைத்தால் உருகிவிடும் என்றும் சொன்னார்கள்.

மார்ச் 23

மதுரை பஸ். துளசிமணி மெழுகுக் கட்டியைத் துணியில் சுற்றி, ஐஸ் தண்ணீர் பாட்டிலோடு தயிர் சாதப் பையில் வைத்துக் கொடுத்தாள். என்னை நம்பவில்லையே தவிர, பையை நன்றாகக் கட்டியிருந்தாள். ஒட்டன்சத்திரத்தில் பக்கத்து சீட்டுக்காரர், "பையில என்னங்க, மீனா?" என்று கேட்டார். "ஈரல்" என்றேன். "ஆட்டீரலா?" என்றார். பிறகு தூங்குவதுபோல இருந்துவிட்டேன்.

டாக்டர் மெஹருன்னிசா அறுபது வயது அம்மா. வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னையும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னார். எரிந்துபோன காயிலில் வார்னிஷ் உருகி முடிச்சு முடிச்சாக நிற்குமே, அந்த மாதிரி ரோஸ் நிறத்தில் தெரிந்தது. இருபத்தைந்து வருடமாக உள்ளே இது நடந்திருக்கிறது. நான் மேலே மோட்டார் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இதுதான் அந்த மல்லோரி. குடிக்கிறவங்களுக்கு நிறைய வரும். ஆனா இந்த வைரஸ் ரொம்ப வருஷம் இருந்தா அபூர்வமா சிலருக்கு வரும். நானே நாலஞ்சு பேருக்குத்தான் பார்த்திருக்கேன். குடியால வர்றது நடு ரத்தக்குழாயைச் சுத்தி இருக்கும். உங்களுக்கு ஓரத்துல, தழும்புக்குப் பக்கத்துல இருக்கு."

"அப்ப நான் குடிக்காதவன்னு எழுதிக் குடுங்கம்மா."

"அதை எப்படிங்கய்யா நான் எழுத முடியும்? திசுவைப் பார்த்து மனுஷன் என்ன குடிச்சான்னு சத்தியம் பண்ண முடியாது. குடியாலதான்னு சொல்ல ஆதாரமில்லைன்னு வேணா எழுதலாம். அதுக்கும் இன்னும் ரெண்டு சாயம் போட்டுப் பார்க்கணும். ஒரு மாசத்துக்கு மேல ஆகும்."

ஈரல் பொய் சொல்லாதும்மா என்று வாய்வரை வந்தது.

கிளம்பும்போது, "மாத்திரை ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டார். ஆரம்பிக்கப் போகிறேன் என்றேன். "தாளுக்காகக் காத்திருக்காதீங்க" என்றார்.

காத்திருப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். மானத்தோடு மாத்திரை சாப்பிடலாம்.

ஏப்ரல் 2

செருப்பு கொஞ்சம் இறுக்கம். வெயில் காலத்தில் கால் அப்படித்தான். வேட்டி நிற்கவில்லை, பெல்ட் வாங்கினேன். மதியம் பட்டறையில் ஒரு தூக்கம் போட்டேன். எழுந்தபோது சாயந்தரம்.

ஏப்ரல் 4

துளசிமணி என் காலைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தாள். குழி விழுந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

ஏப்ரல் 7

இரவுச் சோற்றின்போது துளசிமணி சொன்னாள்:

"நீங்க குடிச்சிருக்கறீங். எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லோணுமாக்கும். டாக்டர் சொல்லியாச்சு, கமிட்டி சொல்லியாச்சு. நாந்தான் இத்தனை நாளா முட்டாளா இருந்திருக்கறேன். கருப்பராயன் கோயிலுக்கு வந்து கயிறு கட்டுங். கட்டுனா ஒண்ணா இருக்கலாம். இல்லீன்னா நான் நாட்ராயன் வூட்டுக்குப் போறேன்."

"குடிகாரன் வூட்டுக்கா?"

"அவன் குடிக்கறேன்னு சொல்லிப்போட்டுக் குடிக்கறான்."

டாக்டர் சொன்னபோது கோபம் வந்தது. கமிட்டி சொன்னபோது சிரிப்பு வந்தது. இவள் சொன்னபோது தட்டைத் தள்ளி வைத்தேன். முப்பது வருடம் இவளோடு இருந்தும் நான் இன்னார் என்று இவளுக்குத் தெரியவில்லையே என்று நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சல் ஈரலுடையது அல்ல. கையைக் கழுவிவிட்டு, "நாளன்னைக்குப் போலாம்" என்றேன். வாதாடத் தெம்பில்லை.

ஏப்ரல் 8

துளசிமணி விடிகாலையில் தக்காளி வாங்கப் போகிறேன் என்று போனாள். பதினோரு மணிக்கு வந்தாள். தக்காளி இல்லை. நெற்றியில் திருநீறு இருந்தது. கேட்கவில்லை. அவளோடு பேச்சு இல்லை.

ஏப்ரல் 9

கருப்பராயன் கோயில். துளசிமணி, நான், துணைக்கு நாட்ராயன். அவனைக் குளித்துவிட்டு வரச் சொல்லியிருந்தாள். குளித்திருந்தான்.

பூசாரிக்கு என்னை நன்றாகத் தெரியும். "வாங்க மன்றத்துக்காரரே, இன்னைக்கு யாருக்குங்க?" என்று நாட்ராயனைப் பார்த்தார். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "நானில்லீங் சாமி" என்றான்.

"எனக்குத்தானுங்க" என்றேன்.

பூசாரி கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் எடுத்துக்கொண்டார்.

இந்தக் கோயிலில் ஒரு முறை உண்டு. என்ன குடிக்கிறோம், எவ்வளவு குடிக்கிறோம் என்று சாமி முன்னால் வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொல்லாமல் கட்டினால் கயிறு பிடிக்காது. எத்தனையோ பேரை நான் முதுகில் தட்டி, "வெக்கப்படாம சொல்லுப்பா" என்று சொல்லியிருக்கிறேன்.

"என்ன குடிப்பீங்க?"

பத்தொன்பது வருடமாக ஒழிக்கப் பாடுபட்ட பொருள். ஒரு பெயரும் வாயில் வரவில்லை.

"பிராந்திங் சாமி" என்றான் நாட்ராயன் பின்னாலிருந்து.

"அவரு சொல்லோணும்."

"பிராந்தி" என்றேன்.

"எவ்வளவுங்க?"

"தினம் ரெண்டு குவார்ட்டர்" என்று காதில் சொன்னான். "ஒண்ணு" என்று நான் சாமியிடம் சொன்னேன். "ஒண்ணுக்கெல்லாம் ஈரல் இந்தளவுக்குப் போவாதுங் மச்சான், சாமி நம்பாது" என்றான். இந்த விஷயத்தில் அவன் அனுபவசாலி. "ரெண்டுங்க" என்று திருத்திக்கொண்டேன்.

"எத்தனை நாளைக்குக் கட்டோணும்?"

"ஆயுசுக்கும்."

"ஆயுசுக்கும்னு கட்டறவங்கதானுங்க ஒரே வாரத்துல அறுத்துப்போடறாங்க. ஒரு வருசம்னு சொல்லுங்க." இதுவும் மற்றவர்களுக்கு நான் சொல்லும் புத்திமதிதான். ஒரு வருடம் என்றேன். கட்டிவிட்டார். துளசிமணி கண்ணை மூடிக் கும்பிட்டபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

என் வாழ்க்கையில் சாமியிடம் சொன்ன முதல் பொய். கருப்பராயன் அரிவாளோடு நிற்கிறார். திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

ஏப்ரல் 12

கோவை. துளசிமணி, "நிறுத்திட்டாருங்க டாக்டர், சாமி கயிறு கட்டியிருக்கறாரு" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கையைக் காட்டினேன்.

"ஒத்துக்கறதுதான் சார் பாதி வைத்தியம்" என்று முதுகில் தட்டினார். மாத்திரை எழுதினார். கால் வீக்கத்துக்கும் ஒரு மாத்திரை எழுதினார். இன்னும் ரெண்டு மாசம் தள்ளியிருந்தா நான் எழுதறதுல பிரயோஜனம் இருந்திருக்காது என்றார்.

முதல் மாத்திரையை பஸ் ஸ்டாண்டிலேயே விழுங்கினேன். துளசிமணி நான் முழுங்கும்வரை தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 21

மன்றத்திலிருந்து கடிதம். குடிப்பழக்கத்திலிருந்து மீண்ட செம்மலாகிய தாங்கள் மே தினக் கூட்டத்தில் தங்கள் அனுபவங்களை எடுத்துரைக்க வேண்டும் என்று தலைவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஐம்பத்தாறு வருடம் குடிக்காமல் இருந்தபோது எனக்கு ஒரு சால்வை வந்ததில்லை. இரண்டு வாரம் நிறுத்தியதற்குச் சால்வையும் உண்டாம், சாப்பாடும் உண்டாம். பதில் போடவில்லை.

கால் வீக்கம் வடிகிறது. மதியத் தூக்கமும் குறைந்திருக்கிறது. துளசிமணியோடு தேவைக்குப் பேசுகிறேன்.

மே 1

கூட்டத்துக்குப் போகவில்லை. எனக்கான சால்வையை, சாப்பாட்டுக்குப் போயிருந்த நாட்ராயனுக்கு என் சார்பில் போர்த்தியிருக்கிறார்கள். அவன் வாங்கிக்கொண்டு வந்து துளசிமணியிடம் கொடுத்தான்.

மே 4

மதுரையிலிருந்து அறிக்கை வந்தது. பட்டறைக்கு எதிர் மருந்துக்கடைப் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். நாள்பட்ட ஹெபடைட்டிஸ் சி. அந்த நோயில் அபூர்வமாகக் காணும் மல்லோரி கட்டிகள். அவை இருக்கும் இடத்தையும் தழும்பின் போக்கையும் பார்க்கையில், மதுதான் காரணம் என்று சொல்லத் திசுவில் ஆதாரமில்லை. கடைசி வரியை மறுபடியும் படிக்கச் சொன்னேன். அந்தப் பெண் சலிக்காமல் படித்தாள்.

பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். ஓட முடிந்தது. துளசிமணி முறத்தை மடியில் வைத்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். அறிக்கை முழுவதையும் தமிழில் சொன்னேன்.

"சரிங்" என்றாள்.

"என்ன சரிங்? நான் குடிக்கலைன்னு மதுரை டாக்டரே எழுதிக் குடுத்திருக்குது. இப்பவாச்சும் தெரியுதா?"

"அது எனக்கு எப்பத் தெரியாதுங்?"

எனக்குப் புரியவில்லை. அவள் காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முப்பது வருசமா உங்க பக்கத்துல படுக்கறேன். நீங்க குடிச்சீங்களா இல்லையான்னு ஊசியில எடுத்துப் பாத்து ஒரு டாக்டர் எனக்குச் சொல்லோணுமுங்களா? அன்னைக்கு அந்த ரூம்புல ஒரேயொரு தடவை சும்மா இருந்தீங்களா? 'குடிச்சதே இல்லீங்க'ன்னு எந்திரிச்சு நின்னீங்க. அந்த டாக்டரு எத்தனை தடவை கேட்டாலும் எந்திரிச்சு நிப்பீங்க. நான் நம்பறேன்னு தெரிஞ்சா அதையே பிடிச்சுக்குவீங்க. பொண்டாட்டி நம்பறா, அது போதும்னு தாளு வர்ற வரைக்கும் உக்காந்திருப்பீங்க. நானும் நம்பலீன்னாத்தான் கோயிலுக்கு வருவீங்கன்னு தெரியும்."

"சாமிகிட்ட என்னையப் பொய் சொல்ல வெச்சுட்டியே துளசி."

"அதை முந்தின நாளே போய்ச் சொல்லிப்போட்டு வந்துட்டனுங். நாளைக்கு எங்கூட்டுக்காரரு வந்து ஒரு பொய் சொல்லுவாரு, அது அவரு கணக்குல வேண்டாம், எங்கணக்குல எழுதிக்கன்னு."

"ஊருக்குள்ள எம்பேரு போச்சே."

"எம்பேரும்தானுங் போச்சு. குழாயடியில என்னையப் பாத்தா பேச்சை நிறுத்தறாங்க. பாவம், இத்தனை வருசமா அடி வாங்கியிருப்பான்னு ஒருத்தி எங்கையைத் தடவிப் பாக்கறா." அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். "உங்க காலுல அன்னைக்குக் குழி விழுந்துச்சே, நாம ரெண்டு பேரும் பாத்துட்டு இருந்தமே. அது மூடறதுக்குள்ள நான் என்னென்ன நெனச்சேன்னு உங்களுக்குத் தெரியுமா? நல்லவருன்னு பேரெடுத்துட்டு நீங்க செத்துப் போனா, அந்தப் பேரை வெச்சுட்டு நான் என்னங் பண்றது?"

எனக்கு அழுகை வந்தது. நின்றபடியே அழுதேன். ஊர் என்னை நம்பாததில் நான் பட்டது ஒன்றுமில்லை. என்னை நம்பிக்கொண்டே நம்பாதவள்போல ஒன்றரை மாதம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இவள் சோறு போட்டிருக்கிறாள். நான் இவளோடு பேசாமல் இருந்திருக்கிறேன்.

முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்துவந்து என் கண்ணை முந்தானையால் துடைத்தாள். பிறகு தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அறிக்கையை என்ன செய்வது என்று கேட்டேன். கமிட்டிக்குக் காட்டுவதென்றால் காட்டுங்கள், ஆனால் மாத்திரை முடியட்டும், அதுவரைக்கும் அந்த டாக்டர் காதுக்கு எதுவும் போகவேண்டாம், மறுபடி விசாரிக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்திவிடப் போகிறார் என்றாள். சரி என்று தலையாட்டினேன்.